கிராவல் பைக்கும் பெரியம்மாவின் 28 இன்ச் சைக்கிளும்!

ரெண்டு சக்கர ரூட்டு - 14

"ஏன் பாப்பா, கிராவல் பைக்குனா நம்ம ஊரு ரோட்டுக்குக் கொட்டுவாங்களே, அந்த கிராவலா?"

போன மாதம் இந்தப் பகுதியில் கிராவல் பைக் பற்றி எழுதியதை யாரோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம் இருக்கும் என் பெரியம்மா அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, முதல் வேலையாக எனக்கு போன் போட்டுவிட்டார்.

"அதேதான் பெரியம்மா. தார் போடாத ரோடு, கண்மாய்க் கரை, வண்டிப் பாதை... அதுல ஓட்டற மாதிரி அகல டயர் போட்ட சைக்கிள்."

"அதுக்கு எதுக்குடி இத்தாலி, அமெரிக்கானு எழுதியிருக்க? இங்க வா. இங்க இருக்கறது பூராவும் அதுதான்."

சுருக்கென்றது. கன்சாஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம், 2022-ல் இத்தாலியில் நடந்த முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப் என்றெல்லாம் அடுக்கிய எனக்கு, சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போன செம்மண் காடு ஞாபகத்துக்கே வரவில்லை. கிராவல் என்ற வார்த்தைகூட நமக்குப் புதிதில்லை. பஞ்சாயத்து டெண்டரில் தொடங்கி டீக்கடை வரைக்கும் அது தமிழ் வார்த்தையாகிப் பல வருஷம் ஆகிறது.

அடுத்து பெரியம்மா சொன்னதுதான் என்னை பஸ் ஏற வைத்தது. "நீ மட்டும் தனியா போக வேணாம். நானும் வர்றேன்."

பெரியம்மாவுக்கு வயது 53. சைக்கிளைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது.

இங்கே கொஞ்சம் பின்கதை வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இதற்கென்றே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டிய கதையைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி, அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. டிப்ளமோ படிக்கும்போது அந்தக் கட்டுரையை வகுப்பில் வைத்து அலசினோம். அதில் வரும் கூட்டத்தில் ஒருத்தி எங்கள் பெரியம்மா என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாகச் சொன்னதே இல்லை.

1992-ல் வாங்கிய அந்தக் கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பெரியம்மா பால் கொண்டுபோய் ஊற்றினார், அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், ரேஷன் அரிசி மூட்டை கட்டினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மெயின் ரோட்டில் டிப்பர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி வர, ஓரத்தில் இறக்கிய சைக்கிள் சறுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. திருப்பூரிலிருந்து ஓடிவந்த அண்ணன், சைக்கிளை மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டு, "இனிமே இதை எறக்கினா நான் ஊருக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பயத்திலும் தப்பு சொல்ல முடியாது.

ஆக, எனக்கு வந்த வேலை லேசானதில்லை. தார் ரோட்டை முடிந்த அளவுக்குத் தொடாமல் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை மூன்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு ரூட். போட்டிருந்த கணக்கு 40 கிலோமீட்டர் சொச்சம்.

28-க்கு ஒன்றரை

முதல் நாள் சாயங்காலம் சைக்கிளை இறக்கினோம். ட்யூப் இரண்டும் புதுசு, பிரேக் கட்டை புதுசு, செயினுக்கு எண்ணெய். டயரைத் தட்டிப் பார்த்த கடைக்கார அண்ணன், "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றார். (ஓரத்தில் நூல் தெரிந்தது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.)

அந்த டயரின் பக்கவாட்டில் அழிந்தும் அழியாமலும் இருந்த எண்ணைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. 28-க்கு ஒன்றரை. ஒன்றரை இன்ச் என்றால் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். நான் தவணையில் வாங்கிய கிராவல் பைக்கின் டயரும் அதே 40! ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயரை விட்டுவிட்டு, கரடுமுரடான பாதைக்கு அகல டயர் என்று உலகம் இப்போது வந்து நிற்கிற இடத்தில், நம்ம ஊர் பால்கார சைக்கிள் எப்போதோ வந்து நின்றுவிட்டது.

அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். பெரியம்மாவின் சைக்கிள் 20 கிலோவுக்கு மேல், கியர் கிடையாது. என்னுடையது அதில் பாதி எடை, வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக். மேட்டில் ஏறும்போது வித்தியாசம் தெரியும். ஆனால், சரளைப் பாதையில் ஆளைக் காப்பாற்றுவது டயரின் அகலமும் அதில் இருக்கும் காற்றும்தான். காற்றைக் கல் மாதிரி அடித்தால் ஒவ்வொரு பொடிக்கல்லும் உங்களைத் தூக்கிப் போடும். கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும். ரேஸ் சைக்கிளுக்கு 80, 100 பி.எஸ்.ஐ. அடிக்கிற இடத்தில் என் டயரில் 35-தான் வைத்தேன். பெரியம்மாவிடம் மீட்டரெல்லாம் கிடையாது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வால்வைத் திருகி 'புஸ்' என்று கொஞ்சம் இறக்கினார். "மண்ணு ரோட்டுக்கு இவ்ளோ போதும்." ரொம்பவும் இறக்கினால் ட்யூப் ரிம்முக்கு நடுவில் மாட்டிக் கிழிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வட்டக் கருவறை

தை மாதம். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும்போது வயலெல்லாம் பனி. கடைசி மழைக்கு நிரம்பிய கண்மாய்களில் தண்ணீர் இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது. இந்தப் பகுதிக்கு வர நினைக்கிறவர்கள் மார்கழி, தை, மாசிக்குள் வந்துவிடுங்கள். பங்குனி தொடங்கிவிட்டால் பாறைகள் விடும் அனலில் சைக்கிள் வேண்டாம்.

புதுக்கோட்டை மண் தட்டையானது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பார்வைக்குத்தான் அப்படி. சைக்கிளில் உட்கார்ந்தால் கால் சொல்லும், ஒவ்வொரு கண்மாயும் ஒரு பள்ளம், அதன் கரை ஒரு மேடு. இடையில் தைல மரக் காடு, முந்திரி, செம்மண் பொட்டல், திடீரென்று யானை படுத்திருப்பது மாதிரி ஒரு கருங்கல் குன்று. முதல் ஐந்து கிலோமீட்டர் பெரியம்மா பேசவே இல்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு கண்மாய்க் கரையில் ஏறியதும், பெல்லை இரண்டு தடவை சும்மா அடித்தார். முன்னால் ஆடு மாடு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை.

நார்த்தாமலை ஒரே மலை அல்ல, ஒன்பது குன்றுகளின் கூட்டம். வணிகர்கள் வாழ்ந்த 'நகரத்தார் மலை'தான் நார்த்தாமலை ஆனது என்பார்கள். சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு மேலமலைப் பாறைச் சரிவில் நடந்து ஏறினால், விஜயாலய சோழீஸ்வரம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சோழர் பெயர் ஒட்டிக்கொண்டாலும், முதலில் கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முத்தரையர்கள் ஆண்ட காலத்துக் கதை.

இந்தக் கோயிலில் என்னைப் பிடித்து நிறுத்தியது கருவறை. நம் கோயில்களில் கருவறை சதுரமாகத்தானே பார்த்திருப்போம்? இங்கே அது வட்டம். வட்டச் சுவரைச் சுற்றி வெளியே சதுரச் சுவர், இரண்டுக்கும் நடுவே சுற்றி வர ஒரு குறுகலான பாதை. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆளுயரத்துக்கு விஷ்ணு, ஒரே மாதிரி பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். அதன் பெயரோ சமணர் குடகு. முதலில் சமணர் இடமாக இருந்து பிறகு பெருமாள் கோயிலாகியிருக்கிறது. ஒரு பாறை, மூன்று சமயம். பக்கத்துச் சின்னக் குடைவரை பழியிலி ஈஸ்வரம், சிவனுக்கு.

பெரியம்மா படியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். "முப்பது வருஷமா இந்த மலையைத் தூரத்துல பார்த்துட்டே போயிருக்கேன். பங்குனித் திருவிழாவுக்கு வந்தா மாரியாத்தாவைக் கும்பிட்டுட்டு அப்படியே திரும்பிருவோம். மேல ஏறினதே இல்ல."

முள்

இறங்கி வந்து மூன்றாவது கிலோமீட்டரில் என் பின் டயர் படுத்தது. சீமைக் கருவேல முள். இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முதல் எதிரி. வேலி வெட்டிப் போட்ட பாதையில் நான் கவனிக்காமல் ஏறிவிட்டேன். பெரியம்மா சுற்றிக்கொண்டு போயிருந்தார்.

ட்யூபை மாற்றினேன், காற்றடித்தேன், பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் படுத்தது! கையில் இருந்த ஒரே ஸ்பேர் ட்யூபும் காலி. இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது போனில் கடை தேடுவது. அங்கே சிக்னலும் இல்லை.

"டயருக்குள்ள கைவிட்டுப் பார்த்தியா?" என்றார் பெரியம்மா. பார்க்கவில்லை. டயரை வாங்கி, உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றது. முள்ளின் முனை உடைந்து ரப்பருக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நோண்டி எடுத்தார். ஊருணித் தண்ணீரில் ட்யூபை முக்கி, குமிழி வந்த இடத்தைப் பிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை என்னை பேட்ச் ஒட்ட விடவே இல்லை. "ஈரத்தோட ஒட்டினா நிக்காது. அவசரப்படாத."

நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பஞ்சர் ஆனால் ட்யூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தைத் தடவுங்கள், மெதுவாக, முள் விரலையும் பதம் பார்க்கும். ஸ்பேர் ட்யூப் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கை பம்பு, டயர் லிவர் எல்லாம் கையில் இருக்கட்டும். வசதி இருந்தால் ட்யூப்லெஸ் டயரில் சீலன்ட் ஊற்றிக்கொள்ளுங்கள், சின்ன முள் துளையைத் தானே அடைத்துவிடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். நான் இரண்டுதான் வைத்திருந்தேன், போதவில்லை.

நேர் பாதை

சித்தன்னவாசலுக்கு முன்னால்தான் அந்தச் செம்மண் பொட்டல் வந்தது. நான் போனில் போட்டு வைத்திருந்த கோடு அதன் நடுவே நேராகப் போனது. இறுகிய சரளை, லேசான இறக்கம், ஒரு வண்டி கிடையாது. கிராவல் பைக் வைத்திருக்கிறவர்கள் கனவு காண்கிற மாதிரியான பாதை. நான் பெடலை மிதித்துவிட்டேன். பாதி தூரத்தில் முன் சக்கரம் ஒரு கல்லில் தட்டி நின்றேன். பக்கத்தில் இன்னொரு கல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தலையைத் தூக்கிப் பார்த்தால், நான் நின்றது ஒரு வட்டத்துக்குள்ளே.

கல்வட்டம். இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வைத்த கற்கள். 2,000 வருஷத்துக்கும் முந்தைய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இந்தப் பகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. விளையாத மேட்டு நிலமாகப் பார்த்துத்தான் அன்று புதைத்தார்கள். இன்று ரோட்டுக்குக் கிராவல் எடுக்கத் தோதான நிலமும் அதுதான், எனக்கு சைக்கிள் ஓட்டத் தோதான நிலமும் அதுதான். சித்தன்னவாசலைச் சுற்றிச் சில இடங்களில் தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. எனக்கு முன்பே சென்ற பைக் தடங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கல் புரண்டு கிடந்தது. யார் புரட்டியது என்று எப்படிச் சொல்ல?

பெரியம்மா வட்டத்துக்கு வெளியிலேயே இறங்கி நின்றிருந்தார். "எங்க அம்மாச்சி இதுக்குள்ள ஆடு மேய்க்கக்கூட விடாது."

சுற்றிப் போக இரண்டு வழி. ஒன்று, பொட்டலின் ஓரத்து வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பது. இன்னொன்று, டிப்பர் ஓடும் தார் ரோடு. நாங்கள் உருட்டினோம். இருபது நிமிஷம் கூடுதல், கால் முழுக்க நெருஞ்சி முள்.

ஆனாலும் அந்த வரப்பு முடிந்த இடத்தில் புதுக்கோட்டை - அன்னவாசல் சாலையைத் தொடாமல் சித்தன்னவாசலுக்குள் போக நான் வழி கண்டுபிடிக்கவில்லை. ஒன்றரை கிலோமீட்டர்தான். பெரியம்மா ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. "நீ ஓட்டு பாப்பா. நான் உருட்டிக்கிட்டே வர்றேன்" என்றார். நானும் இறங்கி, அவருக்கு வெளிப்பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தேன். ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேட்டி மடித்துக் கட்டிய தாத்தா ஒருவர், "என்ன, ரெண்டு சைக்கிளும் பஞ்சரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கூரையில் ஒரு தாமரைக்குளம்

சித்தன்னவாசலைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஒரு பத்தியில் முடிந்திருக்கும். நேரில் அறிவர் கோயிலின் முன் மண்டபத்தில் நின்று தலையைத் தூக்குங்கள். கூரை முழுக்க ஒரு குளம். தாமரை இலை, மொட்டு, மீன், அன்னம், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் ஆண்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. நிறையவே மங்கிவிட்டது. கண் பழக இரண்டு நிமிஷம் கொடுத்தால் ஒவ்வொன்றாக மேலே வரும். ப்ளாஷ் போட்டு அதை இன்னும் மங்கச் செய்யாதீர்கள், ப்ளீஸ்.

குன்றின் மேலே ஏழடிப்பட்டம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குகைக்குள் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள், தலையணை மாதிரி மேடு வைத்துச் செதுக்கியவை, தொட்டால் வழவழவென்று இருக்கின்றன. ஒன்றின் மேல் ஏறத்தாழ 2,000 வருஷத்துத் தமிழி எழுத்து. எருமி நாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு, சிறுபாவில் இளயர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்று அதில் இருக்கிறது. பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே வரை ஏறிவிட்டார். அந்த எழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், 'த' மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். அறிவொளி வகுப்பில் பெரியம்மா சேர்ந்தது சைக்கிளுக்காக மட்டுமில்லை. எழுதப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாராம்.

அன்னவாசலில் சாப்பாடு, வீட்டில் ஒரு மணி நேரத் தூக்கம். மூன்று மணிக்குக் குடுமியான்மலை. இந்தப் பாதை முழுக்கவே வண்டிப் பாதையும் கண்மாய்க் கரையும்தான். தூரத்திலிருந்தே குன்று தெரியும், வழி கேட்கவே வேண்டாம்.

குடுமியான்மலைக்குப் பழைய பெயர் திருநலக்குன்றம். சிவலிங்கத்துக்குக் குடுமி முளைத்த கதையைப் பெரியம்மா சொல்லி முடிப்பதற்குள் கோயில் வந்துவிட்டது. (பூசாரி, காதலி, ராஜாவின் கையில் சிக்கிய ஒரு முடி... முழுக்கதையையும் உள்ளூர்க்காரர் வாயால் கேளுங்கள், அதுதான் ருசி.) ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பங்களுக்கே ஒரு நாள் வேண்டும். எங்களுக்கு வெளிச்சம் இல்லை. நேராகப் பின்னால் இருக்கும் குடைவரைக்குப் போனோம். அதன் பக்கத்துப் பாறையில்தான் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டின் கிரந்த எழுத்து, ஏழு பண்களுக்கு ஏழு பகுதி, ஸ்வரம் ஸ்வரமாக. ருத்ராச்சாரியாரின் சீடனான ஒரு மன்னன் மாணவர்களுக்காகச் செய்தது என்று முடிகிறது. அந்த மன்னன் மகேந்திரவர்மன்தான் என்று சொல்பவர்களும் உண்டு, இல்லை என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. யாராக இருந்தால் என்ன, பாடத்துக்கு நோட்ஸைப் பாறையில் எழுதிக் கொடுத்த வாத்தியார் அவர்!

வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மீட்டரில் 43 கிலோமீட்டர். அதில் உருட்டியது மூன்றுக்குப் பக்கம்.

இப்போது ரூட் விஷயம். வழக்கமாக இந்தப் பகுதியின் கடைசியில் ஜி.பி.எக்ஸ். ஃபைலைக் கொடுத்துவிடுவேன், நீங்கள் போனில் ஏற்றிக்கொள்வீர்கள். இந்த வாரம் அந்தச் செம்மண் பொட்டலின் கோட்டை அழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் வரப்பு வழியாக, 'இறங்கி உருட்டவும்' என்ற குறிப்புடன் இருக்கும். நேர் பாதை இருப்பது மேப்பில் தெரியத்தான் செய்யும், கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஆசிரியர் குழுவில் ஒருவர், "அப்போ அந்த இடத்தைப் பத்தி எழுதாமலேயே விட்டிருக்கலாமே?" என்று கேட்டார். எழுதாவிட்டால், தெரியாமல் ஏறிய என்னைப் போல இன்னும் நாலு பேர் ஏறுவார்கள் என்பது என் கணக்கு. கணக்கு தப்பாகவும் இருக்கலாம்.

அண்ணனுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால், கண்மாய்க் கரையில் நான் எடுத்த படத்தை அம்மா குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். இரண்டு நீல டிக் விழுந்து ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லை. பெரியம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் ராத்திரி எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது.

"டயர்ல நூல் தெரியுது. மெயின் ரோட்டுல ஏறுச்சா?"

"ஏறல அண்ணா. உருட்டிக்கிட்டுத்தான் வந்தாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "சைஸ் என்ன?"

28-க்கு ஒன்றரை என்று அனுப்பினேன்.